தட்சிணாயன வாசல்

வைகாசிக் காய்ச்சலில் போனது.
காய்ச்சல் இறங்கியது,
போகும்போது வாசனையைக் கையோடு எடுத்துக்கொண்டு.
பெருங்காயக் கம்பெனி விற்பனையாளனுக்கு வந்த கேட்டை
யாரிடம் சொல்லிச் சிரிப்பது?
கம்பெனிக்குத் தெரியாது.

கார்த்திகை. மழை விட்ட வெள்ளிக்கிழமை.
கும்பகோணத்தில் இறங்கும்போது காலை ஆறரை.
பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாக்கடை ஓடும்;
ஓடுகிறது என்று கண் சொல்கிறது.

முதல் டபரா.
நெடுஞ்சாலையெங்கும் ஊர்ப்பேர் எழுதி விற்கும் காபி
அதன் சொந்த ஊரில் எனக்குச்
சூடு, கசப்பு, கொஞ்சம் இனிப்பு.
பக்கவாத்தியமெல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது,
பாடகர் வரவில்லை.

இட்லிமேல் கடப்பா ஊற்றினார்கள்.
உருளைக்கிழங்கு உடைந்தது, பாசிப்பருப்பு வழுக்கியது,
சோம்பு எங்கோ இருந்தது,
பல்லில் மாட்டியதால் தெரியும்.

பெரிய கடைத்தெருவில் வேலை.
குஞ்சிதபாதம் மளிகை.
கல்லாவிலிருந்தபடியே
ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார்:
"போன லாட்டு. நம்ம சரக்கு மாதிரியா இருக்கு? பாருங்க."
குனிந்து, கண்ணை மூடி, நீளமாய் இழுத்து,
இருபது வருஷ அனுபவத்தை முகத்துக்கு வரவழைத்து
"ஏ ஒன்" என்றேன்.
டப்பாவை மூடினார். மெதுவாக.
"ஆர்டர் சாயங்காலம் தர்றேன். சுத்திட்டு வாங்க."

சுற்றினேன்.
வெற்றிலைக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த தையல்நாயகி
கொழுந்தின் காம்பைக் காதருகே கிள்ளிப் பார்க்கச் சொன்னாள்.
"டக்குனு சத்தம் வரணும்." வந்தது.
பித்தளைக் கடையில் இரண்டு குடங்களைத் தட்டினேன்.
ஒன்று உண்மை பேசியது.
கும்பேசுவரன் கோயிலுக்குள் போகும் வழியெல்லாம் கடை:
வளையல், விபூதிப் பை, கயிற்றில் ஆடும்
பிளாஸ்டிக் விமானம். அதைத் தாண்டிக் கல் விமானம்.
கற்பூரத்துக்கு மூக்கு வெறும் சுவர்.
கண்ணில் ஒற்றிக்கொண்ட சூடு மட்டும்
பழைய சூடு.

சாரங்கபாணி கோயிலில்
சக்கரம், யானை, குதிரை எல்லாம் பூட்டி
நின்ற இடத்திலேயே ஓடுகிறது கல்தேர்.
நான் ஏறப்போன படிக்கு மேலே கதவு சாத்தியிருந்தது.
"அது உத்தராயண வாசல், தையிலதான் திறப்பாங்க.
இப்ப அந்தப் பக்கமாப் போங்க,"
என்று துளசிக் கூடையோடு ஒருவர் கடந்தார்.
பெருமாள் உள்ளே
எழுந்திருக்கப் பார்த்தபடி படுத்தேதான் இருக்கிறார்.
வழிதான் ஆறு மாதத்துக்கு ஒன்று.
அந்தப் பக்கம் போவதற்கு முன்
சாத்திய கதவின் எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மத்தியானம் மகாமகக் குளத்தின் படிக்கட்டு.
பச்சைத் தண்ணீர். கரையைச் சுற்றிப் பதினாறு மண்டபம்.
எண்ணினேன்; பதினைந்து வந்தது.
திரும்ப எண்ணவில்லை.

விளக்கு வைத்த பிறகு கடைக்குப் போனேன்.
குஞ்சிதபாதம் ரசீதுப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்
"எத்தனை மாசமா?" என்றார்.
"எது?"
"காலையில நீங்க மோந்தது சீயக்காய்."
பொட்டலம் கட்டும் பையன் சுவர்ப்பக்கம் திரும்பினான்,
தோள் குலுங்கியது.
நிறத்தைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்,
நடிப்புக்காகக் கண்ணை மூடித் தொலைத்தேன்.

"ஆறு."

அவர் எழுதினார்:
நாற்பது கிலோ. போன மாதமும் அதுவே.
கூட்டவில்லை, குறைக்கவில்லை.
"சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்.
பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள்
தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு
மடியிலிருந்த என் சாம்பிள் பையை முறைத்தார்,
பிறகு என்னை.
"காயமா?"
"ஆமாம்மா."
"என்னா நெடி!"
இன்னொரு தடவை சொல்லமாட்டாரா என்றிருந்தது.

அவருக்காக ஜன்னலைத் திறந்தேன்.
பாபநாசம் தாண்டும்போது தூறல்,
முகத்தில் குளிர்ச்சியாக,
அவ்வளவுதான்.